பாலத்தின் நடுவில் நின்றுவிடும் மோரிஸ் மைனர்

கேள்வி: நான் சுங்கை ஆராவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் தந்தை வாங்கிய 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 கார் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஜார்ஜ் டவுன் நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தாலும் அது தொல்லை தருவதில்லை. கடற்கரை நெடுஞ்சாலையில் வேகமெடுத்துப் பினாங்குப் பாலத்தில் ஏறினால் மட்டும், நடு மேட்டை நெருங்கும்போது திணறி, இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. சோக்கை இழுத்தால் இன்னும் சிறிது தூரம் ஓடுகிறது. கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. சென்ற ஆண்டு தாய்லாந்தின் ஹாட்யாய் போய் வந்த பிறகுதான் இது தொடங்கியது. பட்டறையில் வேப்பர் லாக் என்று சொல்லிப் பெட்ரோல் குழாய்க்கு வெப்பத்தடுப்புத் துணி சுற்றினார்கள். கார்புரேட்டரை இருமுறை கழுவினார்கள். பம்ப் கை வைக்க முடியாதபடி சுடுகிறது என்று புதிய பம்ப் மாற்றினார்கள். புதியதும் சுடுகிறது. இதுவரை 1,600 வெள்ளி செலவாகிவிட்டது. இப்போது கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். தை மாதத்தில் என் மகளின் திருமணம். அவளை அந்தக் காரில்தான் பட்டர்வொர்த் மண்டபத்திற்கு அழைத்துப் போக வேண்டும் என்பது என் விருப்பம். இன்னொரு விவரம்: டேங்க் உள்ளே துருப்பிடித்திருந்ததால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அதற்கு ஏதோ ஒரு பூச்சு ஊற்றினோம். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

பதில்:

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

கார்புரேட்டரை மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பூச்சைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். காரைக் கண்ணால் பார்க்காமல் இப்படிச் சொல்வதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. ஆயினும் நீங்கள் அறிகுறிகளை எழுதியிருக்கும் முறை, பட்டறையில் நேரில் கேட்டால்கூட எனக்குக் கிடைக்காத அளவுக்குத் தெளிவாக இருப்பதால், காரணத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பொமனிடம் (பட்டறை மெக்கானிக்கிடம்) இந்தப் பதிலைக் காட்டிப் பேசுவதற்கும் அது உதவும்.

வேப்பர் லாக் என்பது குழாயிலோ பம்பிலோ பெட்ரோல் கொதித்து ஆவியாகி, அந்த ஆவிக் குமிழ் வழியை அடைத்துக்கொள்வது. நம் ஊர் வெயிலில் பழைய கார் எதற்காக நின்றாலும் இந்தப் பெயரைச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அது தலைகாட்டும் நேரம் வேறு. கார் மெதுவாக ஊர்ந்து, ரேடியேட்டர் வழியாகப் போதிய காற்று வராமல், எஞ்சின் அறை அடுப்படி மாதிரி ஆகும்போது வரும். அல்லது ஓடிக் களைத்த காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பும்போது வரும். உங்கள் கார் நடந்துகொள்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஜாலான் பர்மா நெரிசலில் நிற்காத கார், கடற்காற்று முகத்தில் அடிக்கும் பாலத்தின் மேல் நிற்கிறது. வெப்பம்தான் காரணம் என்றால் அது நகருக்குள்ளேயே நின்றிருக்க வேண்டும்.

நகருக்கும் பாலத்திற்கும் உள்ள உண்மையான வேறுபாடு, எஞ்சின் கேட்கும் பெட்ரோலின் அளவு. உங்கள் காரில் இருப்பது 948 சிசி எஞ்சின். நின்ற இடத்தில் ஓடும்போது அதற்கு ஒரு நிமிடத்திற்கு ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி பெட்ரோல் போதும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் என்று கணக்கு வைத்தால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 95 மில்லிலிட்டர் வேண்டும். பாலத்தின் நடுவில் கப்பல்கள் போவதற்காக உயர்ந்திருக்கும் மேட்டில் ஏறும்போது அதற்கும் மேலே வேண்டும். வழி பாதிக்குமேல் அடைபட்டிருந்தாலும் நெரிசலில் அது தெரியாது. கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணத்தில் இருப்பது சிறிது சிறிதாகக் குறைந்து, வரவைவிடச் செலவு கூடும் இடத்தில்தான் கார் திணறத் தொடங்கும். உங்களுக்கு அந்த இடம் பாலத்தின் நடுவாக அமைந்துவிட்டது.

பற்றவைப்புப் பக்கம் கோளாறு இருக்கலாமோ என்ற கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கண்டென்சரோ காயிலோ சூட்டில் பழுதாகும்போதும் கார் நிற்கும். ஆறிய பின் கிளம்பவும் செய்யும். ஆனால் அப்போது சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நிற்கும், அல்லது படபடவென்று வெடிக்கும். உங்கள் கார் இழுவை குறைந்து, தவித்து, மெல்ல மெல்ல அடங்குகிறது. சோக்கை இழுத்தால் கொஞ்ச தூரம் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு. உங்கள் காரில் இருக்கும் எஸ்யூ நிறுவனக் கார்புரேட்டரில் சோக்கை இழுக்கும்போது ஜெட் என்ற பெட்ரோல் வரும் சிறு குழல் கீழே இறங்கி, ஊசியைச் சுற்றி இடைவெளி கூடி, அதிகப் பெட்ரோல் வருகிறது. காயில் கெட்ட காருக்குச் சோக் எந்த உதவியும் செய்யாது. பெட்ரோலுக்குத் தவிக்கும் காருக்குத்தான் அது சிறிது மூச்சு கொடுக்கும்.

இனி பம்ப் சுடுவதைப் பற்றி. உங்கள் பொமனை இது தவறான வழிக்கு இழுத்துச் சென்றிருக்கிறது. அவரை நான் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் இன்று பட்டறை நடத்துபவர்களில் பலர் எஸ்யூ பம்பைத் திறந்து பார்த்ததே இல்லை. அந்தப் பம்புக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாயும்போது காந்தம் டயஃப்ரம் என்ற நெகிழும் சவ்வைத் தன்பக்கம் இழுக்கிறது. அப்படி இழுபடும்போது டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே உறிஞ்சப்படுகிறது. முழுத் தூரம் இழுபட்டதும் பாயிண்ட் என்ற மின்தொடுப்பு திறந்து மின்சாரம் நிற்கிறது. பிறகு ஒரு சுருள்வில் டயஃப்ரத்தைத் திரும்பத் தள்ளிப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. நாம் கேட்கும் டிக் டிக் ஓசை இதுதான். கார்புரேட்டர் நிறைந்து ஊசி வால்வு மூடிக்கொண்டால் டயஃப்ரம் திரும்ப முடியாமல், பாயிண்ட் திறந்த நிலையிலேயே பம்ப் ஓய்வெடுக்கும். அப்போது மின்சாரமும் இல்லை, சூடும் இல்லை.

ஆகவே பம்புக்குப் பின்னால், அதாவது கார்புரேட்டர் பக்கம் அடைப்பு இருந்தால் அது குளிர்ந்தே இருக்கும். பம்புக்கு முன்னால், டேங்க் பக்கம் அடைப்பு இருந்தால் கதை வேறு. காந்தம் இழுக்கிறது, பெட்ரோல் வரவில்லை, டயஃப்ரம் பாதி வழியில் வெற்றிடத்தோடு மல்லுக்கட்டி நிற்கிறது, முழுத் தூரம் போகாததால் பாயிண்ட் திறக்கவில்லை, மின்சாரம் இடைவிடாமல் சுருளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. பம்ப் சுடாமல் என்ன செய்யும்? பழைய பம்ப் சுட்டது, புதியதும் சுடுகிறது என்றால், அடைப்பு பம்புக்கும் டேங்குக்கும் இடையில் இருக்கிறது என்று இரண்டு பம்புகளும் சாட்சி சொல்கின்றன. புதிதாகப் பூட்டியிருப்பது மின்னணு வகையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மைனரில் பாட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பிற்காலத்தில் பலர் ரேடியோவுக்காக அதை மாற்றியிருக்கிறார்கள். மின்னணுப் பம்பில் முனை மாறினால் அது பிழைக்காது.

டேங்கைத் தொடுவதற்கு முன் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. கார் அடுத்த முறை திணறும்போது பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, டேங்க் மூடியைத் திறந்து கேளுங்கள். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அந்த வழி தூர்ந்துபோனால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டு, கார் உடனே கிளம்பினால் கோளாறு மூடியில்தான். சரியான மூடி ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது. அப்படி நடந்தால் நான் மகிழ்ச்சியோடு தோற்றுப்போகிறேன். நடக்காது என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் ஹாட்யாய் இருக்கிறது. தாய்லாந்தின் எண்ணெய் நிலையங்களில் பெரும்பாலும் விற்பது கேசோஹால். 91, 95 என்ற எண்களோடு வருவதில் பத்து விழுக்காடு எத்தனால் இருக்கும். இ20 என்று எழுதியிருப்பதில் இருபது விழுக்காடு. நம் நாட்டில் டீசலில் பனை எண்ணெய்க் கலப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறார்களே தவிரப் பெட்ரோலில் எத்தனால் சேர்க்கும் கட்டாயம் இல்லாததால், இங்கேயே ஓடிப் பழகிய பழைய கார்கள் சாராயத்தின் சுவை அறியாதவை. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டி ஒருமுறை டேங்கை நிரப்பியதும், பல ஆண்டுகளாகச் சுவரில் ஒட்டிக் கிடந்த பிசினை அந்த எத்தனால் கரைக்கத் தொடங்குகிறது. பழைய ரப்பர் ஊதிப் பஞ்சாகிறது. டேங்குக்குள் ஊற்றும் பழைய வகைப் பூச்சுகள் பல எத்தனால் பட்டால் இளகி, தகரத்தை விட்டு உரிந்து, தோல் தோலாகப் பெயர்ந்துவிடும்.

அந்தத் தோல் ஒன்று பெட்ரோலில் மிதந்துகொண்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். மெதுவாக ஓடும்போது உறிஞ்சும் வேகம் குறைவு. அது தன் பாட்டுக்கு அலைகிறது. வேகமெடுத்துச் சில நிமிடங்கள் தொடர்ந்து உறிஞ்சினால் அது குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்கிறது. பம்ப் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது. கார் நின்று சாவியை அணைத்ததும் இழுப்பு தளர்கிறது. தோல் மெல்ல விலகிக் கீழே இறங்குகிறது. கால் மணி நேரத்தில் வழி திறந்துவிடுகிறது. நீங்கள் கிளம்புகிறீர்கள், ஏதோ சூடு ஆறியதால் கிளம்பியது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பதினைந்து நிமிடம் என்பது எஞ்சின் ஆறவும் போதுமான நேரம் என்பதால்தான் இந்தக் கோளாறு இத்தனை பேரை ஏமாற்றுகிறது.

என்னையும் ஏமாற்றியிருக்கிறது. ஆண்டுகளுக்கு முன் ஒரு மைனர் டிராவலர் இதே நோயோடு என் பட்டறைக்கு வந்தபோது, காயில், கண்டென்சர், பம்ப் என்று மூன்றையும் மாற்றி, வண்டிக்காரரிடம் மூன்று முறை காசும் வாங்கிய பிறகுதான் டேங்கை இறக்கினேன். எண்ணெய்ப் போத்தலின் வாயில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாள் வில்லை ஒன்று உள்ளே கிடந்தது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று முதல் பெட்ரோல் கோளாறு என்றால் டேங்கில் தொடங்கி முன்னோக்கித்தான் வருகிறேன்.

ஊகத்தை நம்பி டேங்கை இறக்கச் சொல்லமாட்டேன். ஒரு சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இதை நீங்களே செய்ய வேண்டாம், பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும், பொடி வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஒருவரும் புகைக்கக் கூடாது. கார்புரேட்டரில் வந்து சேரும் குழாயைக் கழற்றி, பெட்ரோல் தாங்கும் ஒளிபுகும் கலன் ஒன்றில் விட்டு, சாவியைத் திருப்பிப் பம்பை ஓட விடுங்கள். இந்தப் பம்ப் நிமிடத்திற்கு அரை லிட்டராவது தர வேண்டும். ஆனால் பெரும்பாலோர் பத்து விநாடி பார்த்து, நன்றாக வருகிறது என்று சொல்லி அணைத்துவிடுவார்கள். அந்த அவசரம்தான் கெடுக்கிறது. மூன்று நான்கு நிமிடங்கள் விடாமல் ஓட விட வேண்டும். முதலில் பீறிட்டு வந்து, பிறகு மெலிந்து, டிக் டிக் ஓசையும் தளர்ந்து, பம்ப் சுடத் தொடங்கினால் டேங்கின் வாயில் ஏதோ ஒட்டிக்கொண்டது என்று பொருள். ஓசை படபடவென்று விரைந்து, பெட்ரோலோடு குமிழ்கள் வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது; அப்போது ஊதிப் பழுதான ரப்பர்க் குழாயைத் தேடுங்கள்.

அடைப்பு உறுதியானதும் காற்றடித்து ஊதிவிட்டால் போதும் என்று யாராவது சொல்லக்கூடும். பம்பில் வந்து சேரும் குழாயைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, மெல்லிய அழுத்தத்தில் பின்னோக்கி ஊதினால் வழி திறக்கும் என்பது உண்மைதான். பம்பின் ஊடாக மட்டும் ஒருபோதும் ஊதக் கூடாது. உள்ளிருக்கும் வால்வுகள் கெட்டுவிடும். ஆனால் ஊதுவதால் தோல் டேங்கை விட்டு வெளியே போவதில்லை, இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வரும். திருமண நாளை மனத்தில் வைத்துச் சொல்கிறேன், அந்தக் குறுக்கு வழி வேண்டாம். குழாயில் ஒரு வடிகட்டியைச் சேர்ப்பதும் இந்தக் கோளாறுக்கு மருந்தாகாது, ஏனென்றால் அடைப்பு வடிகட்டிக்கு முன்பே நிகழ்கிறது.

டேங்கை இறக்கியே ஆக வேண்டும். மைனரில் அது சாமான் பெட்டியின் தரையோடு திருகுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். கொள்ளளவு ஏறத்தாழ 29 லிட்டர்தான் என்பதால் காலியாக்கிவிட்டால் ஒருவரே தூக்கலாம். வடித்தெடுத்த பெட்ரோலை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்ற விடாதீர்கள். அளவுமானியின் மிதவையைக் கழற்றினால் திறக்கும் துளை வழியாகத் தீப்பொறி எழுப்பாத விளக்கைக் காட்டி உள்ளே பாருங்கள். பூச்சு மீன் செதிள்போல் எழும்பி நின்றால் என் ஊகம் சரி. அதன் பிறகு இரண்டு வழிகள். பூச்சைக் கரைப்பானால் முழுவதும் எடுத்து, துருவைப் பாஸ்பாரிக் அமிலத்தால் போக்கி, நன்றாகக் கழுவி உலர்த்தி, எத்தனால் தாங்கும் என்று தெளிவாக அச்சிட்டிருக்கும் புதிய பூச்சைப் போடுவது ஒன்று. சுரண்டுவதற்குச் சிறு நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்குவார்கள். எத்தனை போட்டோம் என்று எண்ணி, அத்தனையும் வெளியே வந்ததா என்று மறுபடி எண்ணச் சொல்லுங்கள். பழைய பூச்சின் மேல் புதியதைப் பூசச் சம்மதிக்காதீர்கள். மற்றொன்று, இங்கிலாந்திலிருந்து புதிய டேங்க் தருவிப்பது. மைனருக்கு இன்றும் செய்கிறார்கள். தகரம் சல்லடையாகியிருந்தால் இரண்டாவதுதான் மலிவு. ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: எவ்வளவு நாள் காலியாகக் கிடந்தாலும் பெட்ரோல் டேங்கில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். உள்ளே மிஞ்சும் ஆவி வெடித்தால் ஆள் பிழைப்பது அரிது.

டேங்க் வெளியே இருக்கும்போதே ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் ஆர்9 என்று அச்சிட்ட வகைக்கு மாற்றிவிடுங்கள். பம்பின் அடியிலும் மிதவைக் கிண்ணத்தின் வாயிலிலும் இருக்கும் சிறு கம்பி வலைகளைக் கழற்றிப் பாருங்கள்; தோலின் துணுக்குகள் அங்கேயும் இருக்கும். உங்கள் காரில் இருக்கும் எச்2 வகைக் கார்புரேட்டரில் ஜெட்டைச் சுற்றித் தக்கை வளையங்கள் உண்டு. இரண்டு முறை கழுவியவர்கள் அவற்றை உலரவிட்டிருந்தால் ஜெட்டின் அடியில் ஒழுகும். அங்கே ஈரம் தெரிந்தால் வளையங்களை மாற்றினால் போதும். சோதனைக்காகக் கலவைத் திருகை யாராவது திருகியிருப்பார்கள், அதையும் சரிபார்க்க வேண்டும்: கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தும்போது எஞ்சின் வேகம் ஒரு கணம் சற்றே கூடி அடங்கினால் சரி, கூடியே நின்றால் பெட்ரோல் மிகுதி, அணைந்தால் குறைவு. குழாயில் சுற்றிய வெப்பத்தடுப்புத் துணியைக் கழற்றிவிடுங்கள். ஒழுகினால் கண்ணுக்குத் தெரியாமல் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் நேராகப் பாலத்தில் ஏறாதீர்கள். பின்னால் இன்னொரு கார் துணைக்கு வர, லெபுராயா துன் டாக்டர் லிம் சோங் இயூவில் பாயான் லெப்பாஸ் பக்கத்திலிருந்து நகர் வரையும் திரும்பியும் 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஞாயிறு அதிகாலை நல்லது. நின்றதும் பம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கை வைக்க முடியவில்லை என்றால் காரைப் பட்டறைக்குத் திருப்புங்கள். அடுத்த வாரம் இன்னொரு முறை அதேபோல் ஓட்டி, அதன் பிறகு பாலம். தைக்கு முன் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது, ஆனால் இங்கிலாந்திலிருந்து டேங்க் தருவிப்பதாக இருந்தால் இந்த வாரமே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

கழற்றிய பழைய பம்ப் இன்னும் பட்டறையில் கிடக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். அது உங்கள் தந்தையார் காலத்துப் பம்பாக இருக்கலாம். நான் எழுதியது சரியென்றால் அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. பாயிண்டைத் துடைத்து, டயஃப்ரத்தை மட்டும் மாற்றினால் மறுபடி பூட்டிக்கொள்ளலாம்.